குர்குமினும் பெருங்குடல் புண்ணும்: 3 கிராமில் கேட்ட நோய் அரை கிராமில் கேட்காதது ஏன்?

இஸ்ரேலின் ஷெபா மருத்துவ மையம் முன்நின்று நடத்தி, ஹாங்காங், சைப்ரஸ் மருத்துவர்களும் சேர்ந்து, மஞ்சளுக்கு நிறம் தரும் பொருளான குர்குமினை வைத்துச் செய்த ஒரு சோதனை 2015-ல் வெளியானது. நோயாளிகள் 50 பேர். எல்லாருக்கும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்ற பெருங்குடல் புண் நோய், மிதமான நிலையில். மெசலமைன் மருந்தை உச்ச அளவில் வாய் வழியாகவும் ஆசனவாய் வழியாகவும் இரண்டு வாரம் கொடுத்துப் பார்த்தும் நோய் அடங்காதவர்களாகப் பார்த்துத்தான் எடுத்திருந்தார்கள். 26 பேருக்கு அந்த மருந்தோடு தினமும் 3 கிராம் குர்குமின். மற்ற 24 பேருக்கு அதே மருந்தோடு வெற்று மாத்திரை. ஒரு மாதம் கழித்துக் கணக்கெடுத்தபோது குர்குமின் தரப்பில் 14 பேருக்கு நோய் தணிந்திருந்தது. வெற்று மாத்திரைத் தரப்பில் ஒருவருக்குக்கூட இல்லை. எண்டோஸ்கோப்பியில் பார்த்தபோதும் அதே கதை: குர்குமின் எடுத்தவர்களில் பார்க்கப்பட்ட 22 பேரில் 8 பேருக்குக் குடலின் உட்சுவர் ஆறியிருந்தது, மறுதரப்பில் பார்க்கப்பட்ட 16 பேரில் யாருக்கும் ஆறவில்லை.

இரண்டு ஆண்டு கழித்து டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்களின் ஆய்வு வந்தது. அதே நோய், அதே குர்குமின், 62 நோயாளிகள், 8 வாரம். இங்கும் இரு தரப்புக்கும் மெசலமைன் உண்டு. முடிவில் குர்குமினுக்கும் வெற்று மாத்திரைக்கும் சொல்லிக்கொள்ளும்படி எந்த வித்தியாசமும் இல்லை. அவர்கள் கொடுத்த அளவு நாளொன்றுக்கு 450 மில்லிகிராம், மூன்று வேளையாகப் பிரித்து.

மஞ்சள் குடலுக்கு நல்லது என்பவரும் எல்லாம் விளம்பரம் என்பவரும் இந்த இரண்டில் தமக்குப் பிடித்ததை மட்டும் காட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும். என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குர்குமின் பெருங்குடல் புண்ணில் ஏதோ செய்கிறது என்றால், அது ஒரு ‘ஆன்டிஆக்சிடன்ட்’ என்பது அதற்கு முக்கியக் காரணம் அல்ல. ரத்தத்தில் சேராமல் குடலிலேயே தங்கிவிடுகிற அதன் குணம்தான் காரணமாக இருக்க வேண்டும். அப்படியென்றால் அளவு முக்கியம், நோய் இருக்கும் இடமும் முக்கியம்.

நோய் எது

வயிறு எரிந்தால் நம் ஊரில் ‘அல்சர்’ என்கிறோமே, அது இரைப்பையிலோ சிறுகுடலின் தொடக்கத்திலோ வரும் புண். ஹெலிகோபாக்டர் கிருமியும் வலி மாத்திரைகளும் அதற்குப் பெரும்பாலும் காரணம். இங்கே பேசும் நோய்க்கும் அதற்கும் தொடர்பில்லை. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் மலக்குடலில் தொடங்கி இடைவெளி விடாமல் மேல்நோக்கிப் பெருங்குடலில் பரவும். குடற்சுவரின் உள்படலத்தை மட்டும் தாக்கும். மலத்தில் ரத்தமும் சளியும் போகும், அடக்க முடியாத அவசரம் வரும், இரவில் எழுந்து ஓட வேண்டியிருக்கும். மூலம் என்று நினைத்துக் களிம்பு தடவிக்கொண்டு நாளைக் கடத்துபவர்கள் நிறைய. கிரோன்ஸ் என்பது இதன் பங்காளி நோய். அது வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கும் வரும், விட்டுவிட்டு வரும், சுவரின் முழுத் தடிமனையும் துளைத்துப் போகும். இந்த வேறுபாடு பின்னால் தேவைப்படும்.

பெருங்குடலின் உள்ளே படர்ந்திருப்பது ஒற்றை அடுக்குச் செல் படலம். அதன் மேல் சளிப் படுகை, அதற்கும் மேலே கோடானுகோடி பாக்டீரியா. மூன்று முதல் ஐந்து நாளுக்குள் இந்தப் படலம் முழுவதும் உதிர்ந்து புதிதாகிவிடும். குடற்சுவரில் இருக்கும் நுண்குழிகளின் அடியில் உள்ள தண்டுச் செல்கள் பிரிந்து மேலே ஏறி இதை நிரப்பிக்கொண்டே இருக்கின்றன. ஆக, குடலுக்கு ஆறும் சக்தி இல்லாமல் இல்லை. அதை ஆறவிடாமல் வைத்திருப்பதுதான் நோய். நியூட்ரோபில் என்ற வெள்ளையணுக்கள் ரத்தத்திலிருந்து கூட்டமாக வந்து அந்த நுண்குழிகளுக்குள் புகுந்து, சூப்பர் ஆக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு, ஹைப்போகுளோரஸ் அமிலம் ஆகியவற்றைக் கொட்டுகின்றன. கடைசியில் சொன்னது, பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் கிருமியைக் கொல்லும் அதே பொருள். கிருமிக்கு வைத்த குறி சொந்தச் செல்லின் மேலும் விழுகிறது. செல்லுக்கும் செல்லுக்கும் இடையிலான இறுக்கமான பிணைப்பு தளர்கிறது, பாக்டீரியா உள்ளே கசிகிறது, அதைப் பார்த்து மேலும் வெள்ளையணுக்கள் வருகின்றன.

இந்தச் சங்கிலியைப் படித்ததும் யாருக்கும் தோன்றும் யோசனை ஒன்றுதான்: ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருளைக் கொடுத்தால் சங்கிலி அறுந்துவிடுமே. தாவரங்களில் அப்படிப்பட்ட பாலிஃபீனால்களுக்குப் பஞ்சமே இல்லை. தேயிலை, வெங்காயம், திராட்சை, மாதுளை, நெல்லி, மஞ்சள் என்று பட்டியல் நீளும்.

ஆன்டிஆக்சிடன்ட் கணக்கு எங்கே தவறுகிறது

கிரானுலோமேட்டஸ் நோய் என்று அரிதான ஒரு பிறவிக் குறைபாடு உண்டு. இந்த நோயாளிகளின் வெள்ளையணுக்களால் சூப்பர் ஆக்சைடு தயாரிக்க முடியாது, அதற்கான நொதி பழுதானது. மேலே சொன்ன யோசனைப்படி பார்த்தால் இவர்களுக்குக் குடல் அழற்சியே வரக்கூடாது. நடப்பதோ நேர்மாறு. இவர்களில் கணிசமானவர்களுக்குக் கிரோன்ஸ் போலவே தோற்றமளிக்கும் குடல் அழற்சி வருகிறது. சூப்பர் ஆக்சைடு போன்ற ஆக்சிஜன் மூலக்கூறுகள் சேதமும் செய்கின்றன, கிருமியைக் கட்டுப்படுத்தி அழற்சியை முடித்துவைக்கும் வேலையும் செய்கின்றன. அவற்றை மொத்தமாகத் துடைத்தெடுப்பது சிகிச்சை ஆகாது.

அளவுக் கணக்கும் இடிக்கிறது. தைவானில் 2001-ல் வந்த ஆய்வில் மனிதர்களுக்கு நாளொன்றுக்கு 8 கிராம் வரை குர்குமின் கொடுத்தார்கள். அந்த அளவிலும் ரத்தத்தில் அதன் உச்சம் லிட்டருக்குச் சராசரியாக 1.8 மைக்ரோமோல் அளவில்தான் இருந்தது. நம் ரத்தத்தில் எப்போதும் மிதக்கும் யூரிக் அமிலமும் ஒரு ஆன்டிஆக்சிடன்ட்தான், அது லிட்டருக்குச் சுமார் 300 மைக்ரோமோல். ஏற்கெனவே இவ்வளவு இருக்கும் இடத்தில் இந்த ஒன்றரை, இரண்டு சேர்ந்து என்ன பெரிதாக மாற்றிவிடும்? சோதனைக் குழாயில் ஒரு பழச்சாறு எத்தனை ரேடிக்கல்களை (சூப்பர் ஆக்சைடு போன்ற துடிப்பான மூலக்கூறுகளை) விழுங்கியது என்று டப்பாவில் அச்சிடும் எண்களை நான் பார்ப்பதே இல்லை. அந்த எண் குடலைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

ஆனால் குர்குமினுக்கு இன்னொரு வழி இருக்கிறது. செல்லுக்குள் கீப்1 என்ற புரதம் என்ஆர்எஃப்2 என்ற இன்னொரு புரதத்தைப் பிடித்து அழித்துக்கொண்டே இருக்கும். குர்குமின் மூலக்கூறின் நடுப்பகுதி வேதியியல் ரீதியாகச் சற்றுத் துடிப்பானது, கீப்1-ல் இருக்கும் கந்தகப் பகுதியோடு ஒட்டிக்கொள்ளும். பிடி தளர்ந்ததும் என்ஆர்எஃப்2 செல்லின் கருவுக்குள் போய், செல்லின் சொந்த ஆன்டிஆக்சிடன்டான குளூட்டதையோனைத் தயாரிக்கும் நொதிகளையும் ஹீம் ஆக்சிஜனேஸ் போன்ற காப்பு நொதிகளையும் உருவாக்கச் சொல்கிறது. அதாவது குர்குமின் தானே போய் ரேடிக்கலைப் பிடிப்பதில்லை. செல்லை லேசாகச் சீண்டி, அதன் சொந்தக் காப்பை எழுப்பிவிடுகிறது. என்ஆர்எஃப்2 மரபணு நீக்கப்பட்ட எலிகளுக்குக் குடல் அழற்சி கடுமையாக வருவதால் இந்தப் பாதைக்கு மதிப்பு இருக்கிறது. அழற்சியைத் தூண்டும் என்எஃப்-கப்பா-பி என்ற விசையைக் குர்குமின் அணைக்கிறது என்பது இரண்டாவது விளக்கம். 2002-ல் ஜப்பானியக் குழு ஒன்று, வேதிப்பொருள் கொடுத்துக் குடலைப் புண்ணாக்கிய எலிகளின் உணவில் குர்குமினைக் கலந்து அதைக் காட்டியது.

இங்கே ஒரு எச்சரிக்கை. என்எஃப்-கப்பா-பி பற்றிய குர்குமின் கட்டுரைகளில் கணிசமான பங்கு அமெரிக்காவின் டெக்சஸில் இருந்த ஒரே ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது. அவற்றில் பல கட்டுரைகள், படங்களில் கண்டறியப்பட்ட கோளாறுகளால், பின்னர் திரும்பப் பெறப்பட்டன. அதைத் தாண்டியும் சிக்கல் இருக்கிறது. குர்குமின் தானாக ஒளிரும், எந்தப் புரதத்தோடும் ஒட்டும், உலோகங்களைப் பிடிக்கும், உடலின் கார அமில நிலையில் நிமிடக் கணக்கில் சிதையும். ஆய்வுக்கூடச் சோதனை எதில் போட்டாலும் ‘வேலை செய்கிறது’ என்று காட்டிவிடும். 2017-ல் அமெரிக்க மருந்து வேதியியலாளர்கள் ஒரு நீண்ட விமர்சனக் கட்டுரையில் இதையெல்லாம் அடுக்கி, இந்த மூலக்கூறிலிருந்து மருந்து வருவது கடினம் என்று கிட்டத்தட்ட கதவைச் சாத்தினார்கள். ரத்தத்தில் சேர்ந்து மூளைக்கோ மூட்டுக்கோ போக வேண்டிய மருந்தைப் பற்றிய வாதமாக அதை முழுமையாக ஏற்கிறேன். குடலுக்கு அந்த வாதம் அப்படியே பொருந்தாது.

சேராத மருந்து சேரவேண்டிய இடம்

இங்கிலாந்தின் லெஸ்டரில் 2005-ல் வெளியான ஒரு சிறிய ஆய்வு என் பார்வையில் இந்த விவகாரத்தின் அச்சாணி. அழற்சி நோயாளிகள் அல்ல, பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்தவர்கள். ஏழு நாள் குர்குமின் கொடுத்து, வெட்டி எடுத்த குடல் திசுவில் அது எவ்வளவு இருக்கிறது என்று அளந்தார்கள். நாளொன்றுக்கு 3.6 கிராம் எடுத்தவர்களின் ரத்தத்தில் இருந்தது வெறும் தடயம். ஆனால் அவர்களின் ஆரோக்கியமான குடல் திசுவில் கிராமுக்கு 12.7 நானோமோல் இருந்தது. செல்களை வைத்துச் செய்யும் ஆய்வுகளில் குர்குமின் வேலை செய்வதாகச் சொல்லும் அளவு இந்த எல்லைக்குள்தான் வருகிறது. விழுங்கியதில் பெரும்பகுதி உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்கு வந்து, புண் இருக்கும் பரப்பை நேராகத் தொடுகிறது.

இது புதிய தத்துவம் ஒன்றும் இல்லை. இந்த நோய்க்கு முதல் வரிசை மருந்தே அப்படித்தான் வந்தது. சல்ஃபாசலசினை சுவீடனில் நன்னா ஸ்வார்ட்ஸ் என்ற பெண் மருத்துவர் 1930-களின் இறுதியில் மூட்டுவலிக்காக உருவாக்கினார், குடல் நோயிலும் அது கேட்டது. அதில் இரண்டு மூலக்கூறுகள் கோத்திருந்தன. எது வேலை செய்கிறது என்று தெரியாமலே நாற்பது ஆண்டு போயிற்று. 1977-ல் ஆக்ஸ்ஃபோர்டில் அஸாத் கான் என்ற வங்கதேச மருத்துவர், குடல் நோய் நிபுணர் ட்ரூலவின் குழுவில் இருந்தபடி, இரண்டையும் பிரித்துத் தனித்தனி எனிமாவாகக் கொடுத்துப் பார்த்தார். சல்ஃபா பகுதி வெறும் சுமைதூக்கி, மெசலமைன் பகுதிதான் மருந்து என்று தெரிந்தது. மெசலமைனைத் தனியாக விழுங்கினால் சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டு வீணாகும். அதனால்தான் இன்றைய மெசலமைன் மாத்திரைகளுக்குப் பெருங்குடல் வரை கரையாத மேல்பூச்சு. அதுவும் ரேடிக்கல்களைப் பிடிக்கும் மூலக்கூறுதான், என்எஃப்-கப்பா-பியையும் தணிக்கும். குர்குமினுக்கு மேல்பூச்சு தேவைப்படவில்லை. அது கரையாத தன்மையாலேயே அங்கே போய்ச் சேர்கிறது.

இந்தக் கோணத்தில் பழைய சோதனைகளைத் திரும்பப் பார்க்கலாம். முதல் முக்கியமான சோதனை ஜப்பானில் நடந்து 2006-ல் வெளியானது. நோய் அடங்கியிருந்த 89 பேர். சல்ஃபாசலசினோ மெசலமைனோ வழக்கம்போலத் தொடர, அதன்மேல் 45 பேருக்குக் காலை உணவுக்குப் பின் 1 கிராம், இரவு உணவுக்குப் பின் 1 கிராம் குர்குமின், 44 பேருக்கு வெற்று மாத்திரை. விதிமுறை தவறியவர்களைக் கழித்த பிறகு, ஆறு மாதத்தில் குர்குமின் தரப்பில் 43 பேரில் 2 பேருக்கு நோய் திரும்பியது, மறுதரப்பில் 39 பேரில் 8 பேருக்கு. இதில் எனக்குப் பிடித்தது அதற்கடுத்த ஆறு மாதம்தான். குர்குமினை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஆண்டு முடிவில் நோய் திரும்பியவர்கள் குர்குமின் தரப்பில் நூற்றுக்கு 22, மறுதரப்பில் நூற்றுக்கு 32. அந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்ற அளவுக்குச் சுருங்கிவிட்டது. மாத்திரை நின்றதும் காப்பும் கரைந்தது. பரப்பைத் தொட்டு வேலை செய்யும் பொருளிடம் எதிர்பார்க்கக்கூடிய நடத்தைதான் இது.

எய்ம்ஸிலிருந்து 2014-ல் வெளியான ஆய்வில் 45 நோயாளிகளுக்குக் குர்குமினை எனிமாவாகவே கொடுத்துப் பார்த்தார்கள். மலக்குடலிலும் அதை ஒட்டிய பகுதியிலும் நோய் இருப்பவர்கள். இடையில் விலகாமல் முடித்தவர்களை மட்டும் எண்ணினால் பலன் தெளிவாக இருந்தது. சேர்ந்த எல்லாரையும் எண்ணினால் வித்தியாசம் புள்ளியியல் வரம்பைத் தாண்டவில்லை. இரண்டாவது கணக்குதான் நேர்மையான கணக்கு என்றாலும், சாய்வு எந்தப் பக்கம் என்பது தெரிகிறது.

என் வாதத்துக்கு இடிக்கும் ஆய்வு ஒன்று ஹைதராபாத்திலிருந்து 2021-ல் வந்தது. ஏசியன் இன்ஸ்டிடியூட் ஆஃப் கேஸ்ட்ரோஎன்டராலஜியில் 69 பேருக்குச் செய்தது. உறிஞ்சுதலைக் கூட்டும்படி தயாரித்த குர்குமின், வேளைக்கு வெறும் 50 மில்லிகிராம், தினம் இருவேளை, மெசலமைனோடு. பலன் நன்றாக இருந்ததாக அறிவித்தார்கள். உறிஞ்சுதல் குறைவதால்தான் குடலில் வேலை நடக்கிறது என்றால், உறிஞ்சுதலைக் கூட்டிய 100 மில்லிகிராம் எப்படிக் கேட்டது? கரைதிறன் கூடினால் சளிப் படுகையைத் தாண்டிச் செல்லை எட்டும் பங்கும் கூடும் என்று ஒரு விளக்கம் சொல்லலாம். அது விளக்கம்தான், நிரூபணம் அல்ல. இந்த ஓர் ஆய்வை வேறு மையம் திரும்பச் செய்யும் வரை அதை ஓரமாக வைத்திருப்பேன், தூக்கி எறிய மாட்டேன்.

கிரோன்ஸில் என்ன நடந்தது

பிரான்சில் எட்டு மையங்களில் 2014 முதல் 2018 வரை நடந்த சோதனை 2020-ல் வெளியானது. கிரோன்ஸ் நோய்க்காகக் குடலின் ஒரு பகுதியை வெட்டி எடுத்தவர்கள் 62 பேர். எல்லாருக்கும் நோய் எதிர்ப்பு சக்தியைத் தணிக்கும் அசதயோபிரின் மருந்து. பாதிப் பேருக்கு அதன்மேல் தினமும் 3 கிராம் குர்குமின். ஆறு மாதத்தில் எண்டோஸ்கோப்பியில் நோய் திரும்பியது குர்குமின் தரப்பில் நூற்றுக்கு 58, வெற்று மாத்திரைத் தரப்பில் 68. வித்தியாசம் என்று சொல்ல முடியாது. இடைக்காலக் கணக்கிலேயே பயனில்லை என்று சோதனையை நிறுத்தினார்கள். சங்கடமான எண் வேறொன்று: நோய் கடுமையாகத் திரும்பியவர்கள் குர்குமின் தரப்பில் 55 சதவீதம், மறுதரப்பில் 26 சதவீதம்.

இந்தக் கடைசி எண்ணை மட்டும் வைத்துக் குர்குமின் கிரோன்ஸை மோசமாக்கும் என்று சொல்வது அவசரம், சோதனை சிறியது. ஆனால் ‘குடல் அழற்சிக்கு மஞ்சள்’ என்று பொதுவாகப் பேசுவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இது போதும். கிரோன்ஸ் சுவரின் ஆழத்தில் இருக்கிறது, பெரும்பாலும் சிறுகுடலின் கடைசிப் பகுதியில். மேல் பரப்பைத் தொட்டுப் போகும் பொருளுக்கு அங்கே வேலை குறைவு. மெசலமைனும் கிரோன்ஸில் இப்படித்தான் ஏமாற்றியது. இரண்டு மருந்தும் ஒரே நோயில் ஜெயித்து ஒரே நோயில் தோற்பது, இரண்டும் தொட்டு வேலை செய்யும் வகை என்ற எண்ணத்தை எனக்கு வலுவாக்குகிறது.

அந்தப் பூஜ்யம்

மறுபடி ஷெபா சோதனைக்கு வருவோம். வெற்று மாத்திரைத் தரப்பில் 24 பேரில் ஒருவருக்கும் நோய் தணியவில்லை என்பது என்னை உறுத்துகிறது. இந்த நோயில் நடந்த சோதனைகளை எல்லாம் தொகுத்த காக்ரேன் (மருத்துவச் சோதனைகளைத் திரட்டி மதிப்பிடும் அமைப்பு) ஆய்வுப்படி, வெற்று மாத்திரையிலேயே நூற்றுக்குச் சுமார் 12 பேருக்கு நோய் தணிகிறது. 24 பேரில் மூன்று பேருக்காவது தணிந்திருக்க வேண்டும். மெசலமைனின் உச்ச அளவுக்கும் கேட்காதவர்களை வடிகட்டி எடுத்ததால் குறைந்திருக்கலாம். இன்னொரு சாத்தியமும் இருக்கிறது. குர்குமின் நிறைய எடுத்தால் மலம் மஞ்சளாகும். யார் எதை விழுங்குகிறார் என்று நோயாளிக்கே தெரிந்துபோனால், அறிகுறிகளைக் கேட்டு மதிப்பெண் போடும் சோதனையின் முடிவு சாயும். எண்டோஸ்கோப்பி கணக்கு இந்தச் சந்தேகத்துக்கு ஓரளவு பதில் சொல்கிறது. ஆனாலும் 14-க்கு 0 என்ற அந்த இடைவெளி பெரிய சோதனையில் சுருங்கும் என்றுதான் நான் பந்தயம் கட்டுவேன்.

சுருங்கிய கதை ஒன்று நமக்குத் தெரிந்த செடியிலேயே இருக்கிறது. டெங்கு காலத்தில் தமிழக அரசு ஊர் ஊராக ஊற்றிக் கொடுத்த நிலவேம்புக் குடிநீரின் முதன்மை மூலிகையான நிலவேம்பிலிருந்து ஒரு சாற்றை, ஹெச்எம்பிஎல்-004 என்ற பெயரில், இதே பெருங்குடல் புண்ணுக்குச் சோதித்தார்கள். 2013-ல் வெளியான இரண்டாம் கட்டச் சோதனையில் 224 பேர். நாளுக்கு 1,800 மில்லிகிராம் எடுத்தவர்களில் 60 சதவீதம் பேருக்குப் பலன், வெற்று மாத்திரையில் 40 சதவீதம். 1,200 மில்லிகிராம் எடுத்தவர்களில் 45 சதவீதம், கிட்டத்தட்ட வெற்று மாத்திரை அளவுதான். மூன்றாம் கட்டத்துக்குப் போனார்கள். 2014-ல் இடைக்காலக் கணக்குப் பார்த்துவிட்டுப் பயனில்லை என்று நிறுத்தினார்கள். குர்குமினுக்கு இரண்டாம் கட்டத்தில் 224 பேர் கொண்ட சோதனை அளவுக்குக்கூட எதுவும் நடக்கவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நடக்காததற்குக் காரணம் பணம். மஞ்சளைப் புண்ணுக்குப் பயன்படுத்தும் முறைக்கு 1995-ல் மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்ததும், இந்தியாவின் அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் குழுவான சிஎஸ்ஐஆர் பழைய நூல்களைச் சான்றாகக் காட்டி எதிர்த்ததும், 1997-ல் அது ரத்தானதும் பலருக்குத் தெரியும். சரியான தீர்ப்புதான். அதன் மறுபக்கம், யாருக்கும் சொந்தமில்லாத மூலக்கூறுக்கு 500 நோயாளிகள் கொண்ட சோதனையை எந்த நிறுவனமும் எடுத்துச் செய்யாது. அவர்களால் காப்புரிமை வாங்க முடிவது தயாரிப்பு முறைக்கு மட்டும். நானோ குர்குமின், எண்ணெயில் கரைத்த குர்குமின், பாஸ்போலிப்பிட் கோத்த குர்குமின் என்று ஆளுக்கொன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னச் சோதனை. ஒன்றின் 100 மில்லிகிராம் இன்னொன்றின் எத்தனைக்குச் சமம் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரே தயாரிப்பை 450 மில்லிகிராம், 1.5 கிராம், 3 கிராம் என்று மூன்று அளவில் ஒரே சோதனையில் கொடுத்துப் பார்த்திருந்தால் டெல்லிக்கும் ஷெபாவுக்கும் இடையிலான வழக்கு எப்போதோ தீர்ந்திருக்கும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவான ஐசிஎம்ஆர் போன்ற அரசு அமைப்பு செய்ய வேண்டிய வேலை அது.

சமையலறை எவ்வளவு கொடுக்கும்

மஞ்சள்தூளில் குர்குமின் எடைக்குச் சுமார் 3 சதவீதம். ரகத்துக்கு ரகம் மாறும். ஈரோட்டு மஞ்சளும் ஏறத்தாழ இந்த வரம்புக்குள்தான், மேகாலயாவின் லாக்கடாங் மஞ்சளில் இரண்டு மடங்குக்கும் மேல். ஒரு தேக்கரண்டி தூள் 3 கிராம் என்று வைத்தால் அதில் இருப்பது சுமார் 90 மில்லிகிராம். சோதனையில் கொடுத்த 3 கிராம் குர்குமினுக்கு நாளொன்றுக்கு 100 கிராம் மஞ்சள்தூள் வேண்டும். கிலோ கணக்கில் மஞ்சள் வாங்கும் கல்யாண வீட்டிலும் ஒரு ஆள் ஒரு நாளில் அவ்வளவு சாப்பிட மாட்டார். ரசத்திலும் பாலிலும் போடும் மஞ்சள் சுவைக்கும் நிறத்துக்கும், அதை விட வேண்டியதில்லை. அது சிகிச்சை என்ற கணக்கில் வராது, அவ்வளவுதான்.

மாத்திரை வாங்கினால் இன்னொரு சிக்கல். கடையில் கிடைப்பவற்றில் பலவற்றில் மிளகின் பைப்பரின் சேர்த்திருக்கும். பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியினர் 1998-ல் 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்து, ரத்தத்தில் சேரும் அளவு 2,000 சதவீதம் கூடியதாகக் காட்டினார்கள். அன்றிலிருந்து அது விற்பனை வாசகம். பைப்பரின் அதைச் செய்வது, கல்லீரலும் குடற்சுவரும் அந்நியப் பொருளை வெளியேற்றும் வேலையைத் தடுத்து. மற்ற மருந்துகளின் அளவையும் அது சேர்த்தே மாற்றக்கூடும். குடல் நோயாளிக்கு இது தலைகீழ் வியாபாரம். குடலில் இருக்க வேண்டியதை ரத்தத்துக்குத் தள்ளிவிட்டு, கல்லீரலுக்கும் சுமை ஏற்றுகிறோம். மேலே சொன்ன ஜப்பான், ஷெபா சோதனைகளில் பலன் கிடைக்கப் பைப்பரின் தேவைப்படவில்லை.

கல்லீரல் என்பது வெறும் பூச்சாண்டி அல்ல. மருந்தால் வரும் கல்லீரல் பாதிப்பைப் பதிவுசெய்யும் அமெரிக்க வலையமைப்பு 2022-ல் மஞ்சள் மாத்திரைகளால் பாதிக்கப்பட்ட 10 பேரின் விவரத்தை வெளியிட்டது. ஒருவர் இறந்தார். பத்தில் ஏழு பேரிடம் ஹெச்எல்ஏ-பி*35:01 என்ற மரபணு வகை இருந்தது, சிலருடைய மாத்திரைகளில் மிளகுச் சாறும் இருந்தது. இத்தாலியிலும் 2019-ல் மஞ்சள் மாத்திரையால் ஈரல் அழற்சி வந்தவர்கள் பதிவானார்கள். இது அரிது. அசதயோபிரின், மெத்தோட்ரெக்சேட் போன்று கல்லீரலைக் கவனித்துக்கொண்டே கொடுக்கும் மருந்தில் ஏற்கெனவே இருப்பவருக்கு, அரிது என்பது போதுமான ஆறுதல் அல்ல. மலத்தில் ரத்தம் போய்ப் போய் இரும்புச்சத்து குறைந்தவர்கள் இந்த நோயில் ஏராளம். குர்குமின் இரும்பைப் பிடித்துக்கொள்ளும், ஆகவே இரும்பு மாத்திரையையும் இதையும் ஒரே வேளையில் விழுங்கக் கூடாது. பித்தப்பைக் கல் இருப்பவர்களுக்குப் பித்தப்பை சுருங்கி வலி எடுக்கலாம். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் தொடக்கூடாது.

யாருக்குக் கொடுத்துப் பார்க்கலாம் என்று கேட்டால் என் பதில் குறுகியது. மிதமான அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், மெசலமைனை ஒழுங்காக எடுத்தும் முழுதாக அடங்காதவர், ஸ்டீராய்டோ அதற்கு மேற்பட்ட மருந்தோ உடனே தேவைப்படாதவர். மெசலமைனை நிறுத்திவிட்டு இதற்கு மாறுவதைப் பற்றிப் பேச்சே இல்லை, மேலே சொன்ன எந்தச் சோதனையும் குர்குமினைத் தனியாகக் கொடுத்து மெசலமைனோடு மோதவிடவில்லை. காய்ச்சல், நாளுக்கு ஆறு முறையோ அதற்கு மேலோ ரத்தத்தோடு மலம், எடை சரிவு இருந்தால் இது குர்குமினுக்கான நேரம் அல்ல, ஆஸ்பத்திரிக்கான நேரம்.

கொடுத்துப் பார்க்கும்போது ‘வயிறு பரவாயில்லை’ என்ற உணர்வை நம்பக்கூடாது, இந்த நோய் தானாகவே ஏறி இறங்கும். மாத்திரை தொடங்குவதற்கு முன்பு மலத்தில் கால்ப்ரொடெக்டின் (குடல் அழற்சியைக் காட்டும் புரதம்) பரிசோதனையும் ரத்தத்தில் கல்லீரல் பரிசோதனையும் ஒருமுறை. எட்டு வாரம் கழித்து அதே இரண்டும் அதே ஆய்வகத்தில் இன்னொரு முறை. கால்ப்ரொடெக்டின் பாதியாகக்கூட இறங்கவில்லை என்றால் மாத்திரையை நிறுத்திவிட்டு, மருத்துவர் அடுத்த கட்ட மருந்தைப் பற்றிப் பேசும்போது மறுக்காமல் கேட்க வேண்டும். நடுவில் சிறுநீர் அடர்நிறமாகிக் கண் மஞ்சளாகத் தெரிந்தால் எட்டு வாரம் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே நிறுத்திவிட்டுக் கல்லீரல் பரிசோதனைக்குப் போக வேண்டும்.